பாட்டுக் கேட்கப் போனவர்கள்

மழை நாளில் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஜீவராணி பால்வெட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அவளுடைய மகள் ஷாமிளா தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தங்கள் காம்பரா வாசலில் குந்திக்கொண்டு, கொழும்பில் பூசிய நகச்சாயத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பூசுவதும் தோட்டத்துக்குத் திரும்பியதும் சுரண்டுவதும் இப்போது அவளுக்குப் பழகிவிட்டது. சிவப்பு நகத்தோடு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் முதலில் கையைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "ஹோட்டல்ல பாட்டு எப்புடி போகுது?" என்று விசாரிப்பார்கள். ஹோட்டல் என்றுதான் தோட்டத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். பொய்யும் இல்லை. அந்த இடம் ஒரு பெரிய ஹோட்டலுக்குள்தான் இருந்தது.

கீழ் ரோட்டில் ஒரு திரீவீல் வந்து நின்றது. ஒரு கையில் குடையும் மறு கையில் தூக்கிப் பிடித்த சேலைக் கொசுவமுமாகப் படி ஏறி வந்தவரைப் பார்த்ததும் ஷாமிளா எழுந்துவிட்டாள். கஹவத்தை பஸாரில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கும் சண்முகநாதன் முதலாளியின் மனைவி இந்திராணி. அவர் இந்த லயத்துக்கு வந்ததே இல்லை. எப்போதும் ஷாமிளாதான் அவர் வீட்டுக்குப் போவாள். திரீவீல்காரன், காத்திருக்கவா என்று கீழிருந்தபடி சிங்களத்தில் சத்தம் போட்டுக் கேட்டான். "இன்ன, இன்ன" என்று இருக்கச் சொல்லி, திரும்பிப் பார்க்காமலே கை காட்டிவிட்டு, பாசி வழுக்கும் படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து மேலே வந்தார்.

ஜீவராணி பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பிளேன்டீ கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் வீட்டில் ஒரு பிஸ்கட் கூட இல்லை என்பது ஞாபகம் வந்து, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு லயத்துக் கடைசியில் இருந்த கடைக்கு ஓடினாள். அவள் தலை மறைந்ததும் இந்திராணி டீயைக் கீழே வைத்தார்.

"மாமா போன்ல ஒன் குரலக் கேட்டேன்."

ஷாமிளாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"'மாமா, இந்த வெள்ளிக்கெழம பாடுறேன், கட்டாயம் வாங்க.' ஒண்ணு ரெண்டு இல்ல. வாரா வாரம் இருக்கு."

"அங்க அனுப்பச் சொல்லுவாங்க அத்தை. தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சொல்லுங்கன்னு."

"வேற யாருக்குச் சொன்ன?"

வேறு யாருக்கும் சொல்லவில்லை. ஷாமிளாவுக்குத் தெரிந்தவர்களில் அந்த இடத்தின் வாசலைத் தாண்டக் கூடியவர் அவர் ஒருவர்தான். ஆனால் அதை இப்போது சொன்னால் வேறு மாதிரிக் கேட்கும் போலிருந்தது.

"எப்பவாச்சும் மாணிக்கக் கல்லு விக்க கொழும்புக்குப் போன மனுசன் இப்ப வெள்ளிக்கெழம வந்தா வீட்டுல தங்குறதில்ல. கேட்டா, நம்ம புள்ள பாடுறா, நாம போய் முன்னால உக்காராட்டி வேற யாரு உக்காருவாங்கறாரு." இந்திராணி அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்புடி என்னா பாடுற நீ?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா, அல்லது நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரா என்று ஷாமிளாவால் பிரித்தெடுக்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. இத்தனை வெள்ளிக்கிழமைகளில் சண்முகநாதன் மாமா அவளுடைய ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதற்கு உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் இவர் வீடு கலங்கும். சொல்லாமல் விட்டால் தன் பேர் கலங்கும். எதைச் சொல்வது என்று அவள் நின்றுகொண்டிருக்கும்போதே ஜீவராணி பிஸ்கட் பக்கெட்டோடு மூச்சிரைக்க வந்துவிட்டாள்.

"வர்ற வெள்ளிக்கெழம நானும் ஒன்னோட வர்றேன். மாமாவுக்குச் சொல்ல வேணாம்" என்றார் இந்திராணி. மரியாதைக்கு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

திரீவீல் போன பிறகு ஜீவராணி கேட்டாள், "எதுக்கு வந்தாங்க?"

"பாட்டு கேக்க வரணுமாம்."

"நல்லதுதானே. அவங்க இல்லாட்டி நீ இன்னிக்கு என்னோட சேந்து வாளி தூக்கிக்கிட்டு மலையேறிக்கிட்டு இருப்ப" என்றாள் தாய். அவள் முகம் மலர்ந்திருந்தது.

அதுவும் உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முன் ஷாமிளா ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை போனாள். மலையகத்துப் பிள்ளை ஒருத்தி அவ்வளவு தூரம் வந்தது பேச்சாகிவிட்டது. அவள் படம் போட்ட பதாகையைக் கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டியவர் சண்முகநாதன். கொழும்பு போய்வரத் தன் வேனைக் கொடுத்தவரும் அவர்தான். இந்திராணி தன் சேலைகளில் நான்கைந்தை அவளுக்குக் கொடுத்து, அவற்றுக்கு ரவிக்கையும் தைத்துக் கொடுத்தார். போட்டியில் மூன்றாமிடம். மகன் கனடாவில் குடியேறிவிட்ட அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு அவளைப் பாடச் சொல்வார்கள். முதலாளி, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை, "மாமா அத்தைன்னு சொல்லு" என்று திருத்தியது இந்திராணிதான். அப்புறம் திருவிழாக் கச்சேரிகள் குறைந்தன. அடுத்த வருடப் போட்டி வந்தது, அதில் வேறு பிள்ளைகள் வந்தார்கள், ஜனங்கள் அவர்களைப் பற்றிப் பேசினார்கள். அவளை எல்லோரும் மறந்திருந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து நிரஞ்சன் என்று ஒருவர் போன் செய்தார். தொலைக்காட்சியில் பார்த்ததாகவும், வெள்ளியும் சனியும் பாட முடியுமா என்றும் கேட்டார்.

அது சூதாடும் கசினோ என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் கடிகாரம் கிடையாது. நடந்தால் காலடிச் சத்தத்தை விழுங்கிவிடும் கம்பளம். பச்சை மேசைகளில் சீட்டு வழங்கும் பெண்பிள்ளைகள் கையில்லாத கறுப்புக் கோட் போட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நின்றார்கள். மேடை ஓரமாக இருந்தது. முதல் நாளே நிரஞ்சன் சட்டதிட்டங்களைச் சொல்லிக் கொடுத்தார். சீட்டுப் போடும் பிள்ளையின் குரலை மீறிப் பாட்டுக் கேட்கக் கூடாது. ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. கைதட்டலுக்குக் காத்து நிற்கக் கூடாது. சோகப் பாட்டு அறவே கூடாது, கேட்டால் ஆட்களுக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும். கீபோர்ட் வாசிக்கும் நுஹ்மான், "தங்கச்சி, நம்மள ஃபேன் மாதிரி நெனச்சுக்க. ஓடிக்கிட்டிருந்தா யாருக்கும் தெரியாது, நின்னா மட்டும் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்றான். அவள் சிரித்தாள். ஆனால் வருத்தமாக இருந்தது. கோயில் வாசலில் பாடும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள்கூட வாயசைப்பார்கள். இங்கே அவளுக்கு முன்னால் இருந்ததெல்லாம் குனிந்த முதுகுகள்.

சில வாரம் கழித்து அந்த முதுகுகளில் ஒன்று தெரிந்த முதுகாக இருந்தது. சண்முகநாதன் மாமா. அவளைப் பார்த்துக் கை உயர்த்தினார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, நம்மைத் தேடி ஒருவர் வந்திருக்கிறாரே என்று. இரவுச் சாப்பாட்டில் அவரோடு உட்காரும்படி நிரஞ்சனே சொன்னார். அதற்கப்புறம்தான் அந்தச் செய்திகள். வியாழக்கிழமை தோறும் நிரஞ்சன் ஞாபகப்படுத்துவார், அவள் போனில் பேசி அனுப்புவாள். திருவிழாவுக்கு வரச் சொல்லி வீடு வீடாகச் சொல்வதைப் போலத்தான் அதை நினைத்திருந்தாள். அவர் மேசையில் உட்கார்ந்து ஆடியதைப் பார்க்கத்தான் செய்தாள். பெரிய மனிதர்கள் ஒரு பொழுதுபோக்குக்கு ஆடுவார்கள் போல, நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டாள். கஹவத்தைக் கடையில் கம்பி அடுக்கும் சட்டங்கள் வெறுமையாகிக்கொண்டு வந்ததையும் பார்த்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியதைத் தள்ளி வைத்தாள். எது என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சண்முகநாதன் வேனில் புறப்பட்டுப் போய்விட்டார். பின்னால் இவர்கள் இருவரும் பஸ் ஏறினார்கள். இரத்தினபுரி தாண்டி, குருவிட்டையில் நெரிசல் குறைந்ததும் இந்திராணி, "கூட்டம் நெறைய வருமா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு வரும் அத்தை. ரேணுபாலா வர்றாங்க."

"எந்த ரேணுபாலா? நடிகையா?" இந்திராணி முதன்முறையாக அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார். இருபது வருடத்துக்கு முன் ரேணுபாலா தமிழ்ப் படங்களில் ஆடிய ஆட்டத்தை அறியாதவர்கள் தோட்டத்தில் கிடையாது. தீபாவளிக்கு அவர் கட்டிய மாதிரிச் சேலை என்று சொல்லித்தான் பஸாரில் விற்றார்கள். "நெசமாவா? நேர்லயா?" என்று இந்திராணி கேட்டபோது அவர் குரலில் செவ்வாய்க்கிழமை வந்த பெண் இல்லை. அவிசாவளை வருவதற்குள் அந்தக் குரல் திரும்பவும் போய்விட்டது. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

பாடகர்களுக்கான உடுப்பு மாற்றும் அறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. உறவுக்காரர் என்று சொல்லி இந்திராணியை அங்கே உட்கார வைத்துவிட்டு, ஷாமிளா நிரஞ்சனைத் தேடிப் போனாள். அவர் மண்டபத்தில் நின்று மேசைகளுக்குப் பெயர்ப் பலகை வைப்பதைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். இந்தியாவிலிருந்து தனி விமானத்தில் ஆட்கள் வந்திருந்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள், ஹைதராபாத்தில் காணி வாங்கி விற்பவர்கள், சூரத்து வைர வியாபாரிகள். டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் இலவசம். கூடுதலாகப் பணம் வைத்து ஆடுகிறவருக்கு ரேணுபாலாவுக்குக் கிட்டத்தில் நாற்காலி.

"சேர், இனிமே நான் அந்த மெசேஜ் அனுப்பல" என்றாள் ஷாமிளா. "மாமா வீட்டுல பெரச்சினையாகுது. நான் கூப்புட்டுத்தான் அவரு வர்றாருன்னு நெனைக்கிறாங்க."

நிரஞ்சன் கோபப்படவில்லை. அவர் எப்போதும் மெதுவாகப் பேசுகிற மனிதர். "நீங்க கூப்பிட்டா வாறார்? ஷாமிளா, அவர் இங்க பழைய ஆள். நீங்க வாறதுக்கு மூணு வருசத்துக்கு முந்தியே வந்துட்டார்."

"மாமாவா?"

"உங்க பேரை எனக்குத் தந்ததே அவர்தான். எங்க ஊர்ல நல்லாப் பாடுற பிள்ளை ஒண்டு இருக்கு, எடுங்கன்னு. மெசேஜ் அனுப்பச் சொன்னதும் அவர்தான்." ஒரு பெயர்ப் பலகையைச் சரியாகத் திருப்பி வைத்தார். "வீட்டில காட்ட ஒண்டு வேணாமா?"

அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "ரேணுபாலா ஏன் வாறா எண்டு நினைக்கிறீங்க? இந்த ஆக்களுக்கு ஆடுற ஆசை ஏற்கனவே இருக்கு. அதை நாங்க குடுக்க வேண்டியதில்ல. அவங்களுக்கு இல்லாதது ஒரு சாட்டு. மனுசியிட்ட சூது ஆடப் போறன்னு சொல்லிட்டு விமானம் ஏறேலுமா? நட்சத்திர இரவு, ரேணுபாலாவோட சாப்பாடு எண்டு சொன்னா, மனுசியே பெட்டி அடுக்கிக் குடுப்பா. போட்டோவையும் கொண்டு போய் ஷோகேஸில வைப்பாங்க. அவங்களுக்கு ரேணுபாலா, உங்க மாமாவுக்கு நீங்க. அவ்வளவுதான்."

சொன்னது நெஞ்சில் இறங்க நேரம் எடுத்தது. தன்னைத் தேடி வந்தார் என்று கண் கலங்கிய அந்த முதல் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. தொலைக்காட்சியில் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் கூப்பிட்டார்கள் என்று இதுவரை ஊரெல்லாம் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பிறகு, நிரஞ்சன் சொல்வதை அப்படியே நம்பத்தான் வேண்டுமா என்றும் தோன்றியது. இவர்கள் பழியைத் தட்டிவிடப் பேசத் தெரிந்தவர்கள். மாமாவிடமே கேட்கலாம். கேட்டால் அவர் என்ன சொல்வார், அதை நம்பலாமா?

அறைக்குத் திரும்பியபோது இந்திராணி எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ரேணுபாலா உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்துத் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேக்கப் பாதிதான் போட்டிருந்தது. ஒரு முழங்காலில் துணிப்பட்டை சுற்றியிருந்தது.

"மேல அறையில கேமராவோட நாலு பேரு நிக்கிறாங்கம்மா. சோத்தக்கூடத் திங்க விடல. அதான் இங்க வந்துட்டேன்" என்றார் அவளைப் பார்த்து. "நீதான் பாடுற பொண்ணா? எந்த ஊரு?"

"கஹவத்தைங்க."

"அது யாழ்ப்பாணம் பக்கமா?"

"இல்லைங்க, இரத்தினபுரி பக்கம். தோட்டம்."

"பேச்சு எங்க ஊரு மாதிரியே இருக்கே" என்று அவர் ஆச்சரியப்பட்டார். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. சுவரோரத்தில் கிடந்த பையைக் காலால் இழுத்து, அதிலிருந்து சலங்கையை எடுத்துக் காட்டினார். "இத எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்னே தெரியல. இந்த முட்டிய வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் ஆடிப் பழகினேன். இங்க வந்தா, ஆட்டம் வேணாம் மேடம், ஆட்டம் ஆரம்பிச்சா எல்லாரும் மேசைய விட்டு எந்திரிச்சுருவாங்க, நீங்க உக்காந்து சிரிச்சாப் போதும்கிறாங்க. நானும் கேட்டேன், சிரிக்கிறதுக்கு எதுக்குப்பா நானுன்னு." தயிர்சோற்று டப்பாவை மூடினார். "ஒனக்கு ஏதாச்சும் புரியுதா இது?"

ஷாமிளாவுக்குக் கொஞ்சம் முன்னால்தான் புரிந்திருந்தது, அல்லது புரிந்தது போலிருந்தது. அதை இவருக்குச் சொல்ல மனம் வரவில்லை. "தெரியலைங்க" என்றாள். இந்திராணி சுவரோரத்திலிருந்து ரேணுபாலாவின் கழுத்தையும் கையையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்குகள் எரிந்து, ஷாமிளா பாட ஆரம்பித்தபோது மாலை ஏழு மணி இருக்கும். மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் இந்திராணியை நிற்கவைத்துவிட்டுத்தான் போனாள். முதல் பாட்டின் நடுவிலேயே சண்முகநாதனைக் கண்டுகொண்டாள். நடு மேசை. எப்போதும் போல மேடைக்கு முதுகு. சிப்ஸ் என்று சொல்லும் வண்ண வட்டங்களை அடுக்குவதும் கலைப்பதுமாக அவர் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. திரைப் பக்கம் பார்த்தாள். இந்திராணியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் இறங்கி, வாய் லேசாகத் திறந்திருந்தது. இவ்வளவு நாள் ஒரு பெண்ணை நினைத்துப் பயந்திருந்தவருக்கு அது பெண் இல்லை என்று தெரிந்ததில் ஒரு கணம் ஆறுதல்தான் வந்ததோ என்று ஷாமிளா நினைத்தாள். அடுத்த தடவை திரும்பிப் பார்த்தபோது திரைக்குப் பின்னால் யாருமில்லை.

இந்திராணி மண்டபத்துக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸில் கசங்கிய சேலையோடு, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. ஷாமிளாவின் குரல் தடுமாறியது. நுஹ்மான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, விடாதே என்று கண்ணால் சொன்னான். நின்றால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பாடிக்கொண்டே பார்த்தாள். நிரஞ்சன் எங்கிருந்தோ வந்து இந்திராணியின் முன்னால் கும்பிட்டார். தடுப்பார் என்று ஷாமிளா எதிர்பார்த்தாள். அவரோ குனிந்து என்னமோ சொல்லி, கையை நீட்டி, வழி காட்டி அழைத்துப் போனார். சண்முகநாதன் திரும்பினார். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லாமல் போனது, விளக்கை அணைத்தாற்போல. இப்போது ஏதோ நடக்கப் போகிறது என்று ஷாமிளாவுக்குத் தோன்றியது. சண்முகநாதன் எழுந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்தார். மேசையில் இருந்தவர்களிடம் மனைவியைக் காட்டி எதையோ சொன்னார். பிறகு, வந்ததிலிருந்து முதல் தடவையாக, மேடைப் பக்கம் கை காட்டினார். எல்லோரும் ஒரு கணம் ஷாமிளாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

இந்திராணி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஷாமிளா துண்டு துண்டாகத்தான் பார்த்தாள். ரேணுபாலாவை அந்த மேசைக்குக் கூட்டி வந்தார்கள். அவர் இந்திராணியை அடையாளம் கண்டு, தோளில் கை போட்டுச் சிரித்தார். படம் எடுத்தார்கள். சண்முகநாதன் மனைவியின் உள்ளங்கையில் சில வண்ண வட்டங்களை வைத்து, நீ வை என்பது போல மேசையைக் காட்டினார். இந்திராணி தலையை ஆட்டி மறுத்தார். சண்முகநாதன் திரும்பவும் சொன்னார். இந்திராணி கோயில் உண்டியலில் போடுவதுபோல ஒவ்வொன்றாக வைத்தார். அவர் ஜெயித்திருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் அந்த மேசையில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மண்டபத்தில் ஷாமிளா கேட்ட முதல் கைதட்டல் அதுதான். ரேணுபாலா இந்திராணியைக் கட்டிக்கொண்டார். ஷாமிளா அறியாமலே பாட்டு முடிந்திருந்தது. இடைவெளி விடக் கூடாது என்பதால் நுஹ்மான் அடுத்த பாட்டின் முதல் சுரத்தை அழுத்தினான். அவள் பாடினாள்.

மறுநாள் சனிக்கிழமையும் பாட வேண்டியது. உடம்பு சரியில்லை என்று நிரஞ்சனிடம் சொல்லிவிட்டு விடியற்காலையில் அவர்களுடைய வேனிலேயே ஊருக்குக் கிளம்பினாள். ஹோட்டலில் கொடுத்த இலவச அறையில் தங்கியிருந்த கணவனும் மனைவியும் குளித்துத் திருநீறு பூசி வந்தார்கள். வேனில் யாரும் சண்டை போடவில்லை. சண்முகநாதன் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மண்சரிவால் ரோடு கெட்டுக் கிடப்பதைப் பற்றிச் சிங்களத்தில் அவனோடு பேசிக்கொண்டே வந்தார். ஒரு தரம் பின்னால் திரும்பி, "நேத்து நல்லாப் பாடுன, புள்ள" என்றார்.

"எந்தப் பாட்டு மாமா?"

கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. சண்முகநாதன் சிரித்தார். "எல்லாந்தான்" என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

எஹலியகொடையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அவரும் டிரைவரும் இறங்கிக் கடைக்குள் போனதும் வேனுக்குள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். இந்திராணி போனில் ரேணுபாலாவோடு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது விட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று ஷாமிளாவுக்குத் தோன்றியது.

"அத்தை, நான் கூப்புட்டு மாமா வரல. நான் அங்க போறதுக்கு முந்தியே அவரு போய்க்கிட்டுத்தான் இருந்தாராம். என்னையச் சேத்துவிட்டதே அவருதானாம்."

இந்திராணி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்" என்றார். பிறகு, "தெரியும்னும் இல்ல. தெரிஞ்ச மாதிரியும் இருந்துச்சு, தெரியாத மாதிரியும் இருந்துச்சு. கல்லு விக்கப் போறாருன்னு சொன்னப்ப நம்ப முடியல. நம்ம புள்ள பாடுதுன்னு சொன்னாரு. சரின்னு மனசு நின்னுச்சு. எதையாச்சும் புடிச்சுக்கிட்டு நிக்கணுமில்ல? அப்புறம் சனங்க ஒன்னையும் அவரையும் சேத்துப் பேச ஆரம்பிச்சதும் அதுவும் போச்சு."

"இப்ப?"

"என்னா இப்ப?"

"கடை இருக்கு, வீடு இருக்கு… மாமாகிட்ட நீங்க பேச மாட்டீங்களா?"

இந்திராணி போனை அணைத்துப் பைக்குள் வைத்தார். கடைக்குள்ளிருந்து சண்முகநாதன் மூன்று கோப்பைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு, சிந்தாமல் அடி மேல் அடி வைத்து வருவதைப் பார்த்தார். "நேத்து அந்த மேசையில என் கைய அவரு கையில வச்சுக்கிட்டு இருந்தாரு" என்றார் மெதுவாக. "எத்தன வருசம் ஆச்சு." அதற்குள் கதவு திறந்துவிட்டது. டீயை வாங்கிக்கொண்டு, யாருக்கும் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டார், "அடுத்த வெள்ளிக்கெழம பாடுறியா நீ?"

சண்முகநாதனும் ஷாமிளாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம் என்றால் என்ன நடக்கும், இல்லை என்றால் என்ன நடக்கும் என்று அவள் யோசித்தாள். அவள் பாடாவிட்டால் போகாமல் இருப்பார்களா, வேறு பேர் சொல்லிப் போவார்களா? பாடினால் இரண்டு பேரும் சேர்ந்து போவார்களா? இந்திராணி வேண்டுமென்று கேட்டாரா, வேண்டாமென்று சொல்லச் சொல்லிக் கேட்டாரா? டீ சூடாக இருந்தது. அதை ஊதிக் குடிக்கும் சாக்கில் குனிந்துகொண்டாள். வேன் புறப்பட்டது.

தோட்டத்துப் பாதை பிரியும் சந்தியில் அவளை இறக்கிவிட்டார்கள். மழை இல்லாத காலை. ரப்பர் மரங்களில் வெட்டு முடிந்து, சிரட்டைகளில் பால் வெள்ளையாக நிறைந்துகொண்டிருந்தது. போய்வருகிறேன் என்று சொல்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஏறினாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். அது சந்தியிலேயே நின்றுகொண்டிருந்தது. சண்முகநாதன் முன் இருக்கையிலிருந்து இறங்கி, பின்னால் போய் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூடிய கண்ணாடிக்குள் இந்திராணியின் கைகள் அசைந்துகொண்டிருந்தன, மேலும் கீழும், வேகமாக. அழுகிறாரா, ஏசுகிறாரா, நேற்றைய மேசையை விவரித்துச் சிரிக்கிறாரா என்று அங்கிருந்து தெரியவில்லை. இரண்டடி கீழே இறங்கிப் பார்த்தாள். மரங்களின் நிழல் கண்ணாடியில் விழுந்து, முகங்கள் இருந்த இடத்தில் இலைகள் ஆடின. டிரைவர் வெளியே வந்து, வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டோரத்தில் நின்று சிகரெட் பற்றவைத்தான்.